மூன்று வருஷம் என்றால் எத்தனை நாள்? பிரிட்டனின் 40 சதவீத விடுதலைத் திட்டம், ஒரு மதிப்பீடு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 செப்டம்பர் 10, செவ்வாய்க்கிழமை, சுமார் 1,700 பேர் ஒரே நாளில் சிறையை விட்டு முன்கூட்டியே வெளியே வந்தார்கள். சாதாரணமாக அங்கே ஒரு வாரம் முழுக்க வெளியே வருகிறவர்களே ஆயிரம் பேர் அளவுக்குத்தான். சில சிறைகளின் வாசலில் நண்பர்கள் பாட்டிலைத் திறந்து நுரை தெளித்தார்கள். ஒருவர் கேமரா முன்னால் பிரதமர் ஸ்டார்மருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஒரு திட்டத்தின் பெயரைக் கெடுக்க இது போதும், கெட்டும் போனது. ஆனால் இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை வாசலில் இல்லை. யார் வெளியே வருகிறார் என்று யாருக்குச் சொல்ல வேண்டுமோ, அவருக்குச் சொல்கிற ஏற்பாட்டில்தான் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருவோம். முதலில் கணக்கு.

எஸ்டிஎஸ் 40 என்பது திட்டத்தின் சுருக்கப் பெயர். குறிப்பிட்ட கால அளவுள்ள சாதாரணத் தண்டனைக்கு அங்கே பாதிக் காலம் உள்ளே, மீதிக் காலம் வெளியே லைசென்ஸில், அதாவது நிபந்தனைகளோடு, என்பது பல வருஷமாக இருந்த வழக்கம். அந்தப் பாதியை 40 சதவீதமாகக் குறைத்தார்கள், அவ்வளவுதான். ஆட்சிக்கு வந்து ஒரு வாரம் ஆன நிலையில், 2024 ஜூலை 12 அன்று நீதித்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள ஃபைவ் வெல்ஸ் சிறையில் வைத்து இதை அறிவித்தார். ஆண்கள் சிறைகள் 2023 தொடக்கத்திலிருந்தே 99 சதவீதம் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து வருஷத்துக்குக் குறைந்த தண்டனைக்காரர்கள் செப்டம்பர் 10-ஆம் தேதி வெளியே. ஐந்தும் அதற்கு மேலும் உள்ளவர்களில் சுமார் 1,100 பேர் அக்டோபர் 22. அதற்குப் பிறகு தகுதியுள்ள எல்லாருக்கும் 40 தான் கணக்கு என்றானது.

நீதிபதி மூன்று வருஷம் என்கிறார். நாளாக்கினால் 1,095. பாதி என்றால் 548 நாள். 40 சதவீதம் என்றால் 438. அதாவது 110 நாள் குறைகிறது, மூன்றரை மாதத்துக்குச் சற்று மேல். ஒரு வருஷத் தண்டனைக்கு 183 நாள் 146 ஆகிறது, 37 நாள் லாபம். இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இதற்கு மேல் வீட்டுக்காவல் டேக் என்று தனியாக ஒன்று உண்டு, டேக் என்பது கணுக்காலில் மாட்டும் கண்காணிப்புப் பட்டை. உள்ளே இருக்க வேண்டிய காலத்தில் பாதியாவது முடிந்திருந்தால், தகுதியுள்ளவர் காலில் டேக் மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே மீதியைக் கழிக்கலாம். 2023 ஜூன் வரை இதன் உச்சவரம்பு 135 நாள், பிறகு 180, 2025 ஜூனிலிருந்து 365. அப்படியானால் அந்த மூன்று வருஷக்காரர் 219 நாளில், அதாவது ஏழு மாதத்துக்குச் சற்று மேல், வீட்டுக்கு வரலாம். தீர்ப்பில் கேட்ட எண்ணில் ஐந்தில் ஒரு பங்கு. "மூன்று வருஷம் என்றார்களே" என்று கேட்கிற பொதுமக்களைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. கணக்கை அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ரிமாண்ட் நாள்களையும் சேர்த்துப் பாருங்கள். விசாரணைக்குக் காத்திருந்து உள்ளே கழித்த ஒவ்வொரு நாளும் தண்டனையில் கழியும். கிரௌன் நீதிமன்றங்களில் வழக்குகள் மலைபோல் தேங்கிக் கிடக்க, 2024-இல் சிறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், 17 ஆயிரம் பேர் அளவுக்கு, ரிமாண்டில் இருந்தார்கள். 14 மாதம் ரிமாண்டில் இருந்துவிட்டு மூன்று வருஷத் தண்டனை வாங்குகிறவருக்கு 438-இல் 425 நாள் அன்றைக்கே கழிந்துவிட்டது. தீர்ப்பைக் கேட்டவர்கள் அந்தச் செய்தியை ஜீரணிப்பதற்குள் அவர் தெருவில் இருப்பார்.

யாருக்கெல்லாம் இது கிடையாது? பாலியல் குற்றங்கள், தேசப் பாதுகாப்புக் குற்றங்கள், நாலு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை பெற்ற கடும் வன்முறை. குடும்ப வன்முறையோடு ஒட்டிய சில குற்றங்களும் பட்டியலில் உண்டு: பின்தொடர்ந்து தொல்லை தருவது, துணையைக் கட்டுப்படுத்தி வதைப்பது, கழுத்தை நெரிப்பது, தடையுத்தரவை மீறுவது. பார்த்தால் கெட்டியான பட்டியல்தான். கோளாறு என்னவென்றால், பட்டியல் குற்றத்தின் பெயரைப் பார்க்கிறதே தவிர, அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் என்ன உறவு என்று பார்ப்பதில்லை. அந்த நாட்டுச் சட்டத்தில் குடும்ப வன்முறை என்று தனி ஒரு குற்றம் கிடையாது. மனைவியின் விலாவை உடைத்தவர் மீது காயம் விளைவித்த வழக்கு மட்டும் இருந்து, தண்டனை நாலு வருஷத்துக்குக் குறைவாக இருந்தால், அவர் பட்டியலுக்கு வெளியே. மதுக்கடை வாசலில் முன்பின் தெரியாதவனைக் குத்தியவரும் அவரும் கம்ப்யூட்டர் திரையில் ஒன்று. குடும்ப வன்முறை ஆணையர் நிக்கோல் ஜேக்கப்ஸ் தொடக்கத்திலிருந்தே எச்சரித்த விஷயம் இது.

பட்டியலில் இருந்தும் தப்பியவர்கள் 37 பேர். இந்தக் கதையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மொத்த யந்திரமும் எப்படி ஓடுகிறது என்பது இதில் தெரிகிறது. தடையுத்தரவை மீறுவது முன்பு 1997-ஆம் வருஷத்துத் தொல்லைத் தடுப்புச் சட்டத்தில் இருந்தது. 2020-இல் வந்த தண்டனைச் சட்டம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டுத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. முன்விடுதலை விதியை எழுதியவர்கள் புதுச் சட்டத்துப் பிரிவை மட்டும் விலக்கில் போட்டார்கள். ஆனால் சில நீதிமன்றங்களில் நீக்கப்பட்ட பழைய சட்டத்தின் பெயரிலேயே வழக்குப் பதிவாகித் தண்டனையும் ஆகியிருந்தது. செய்த காரியம் ஒன்று, காகிதத்தில் சட்டத்தின் பெயர் வேறு. விடுதலைத் தேதி போடுகிறவர் காகிதத்தைத்தான் பார்ப்பார். தடையுத்தரவை மதிக்காததற்காகவே உள்ளே போனவர்கள், முதல் நாளே வெளியே வந்தார்கள். பிறகு தேடிப் பிடித்துத் திரும்ப உள்ளே வைத்தார்கள் என்பது உண்மைதான். அந்த இடைப்பட்ட நாள்களில் எதிர்த்தரப்பில் இருந்த பெண்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

தேதி போடுகிற வேலையைச் சிறைகளில் ஒரு சிறு அலுவலகம் செய்கிறது. நீதிமன்ற வாரண்ட் வரும். அதில் ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டிய தண்டனை எது, ஒரே நேரத்தில் ஓடுவது எது, ரிமாண்ட் எத்தனை நாள், ஜாமீனில் டேக்கோடு இருந்த நாள் எத்தனை என்று பிரித்துக் கூட்டிக் கழிக்க வேண்டும். இந்தக் கணக்கின் விதி எத்தனை தடவை மாறியது என்று பாருங்கள். 2023 அக்டோபரில் 18 நாள் முன்விடுதலை, 2024 மார்ச்சில் 35, மே மாதம் 70, செப்டம்பரில் 40 சதவீதம், 2025-இல் டேக் வரம்பு மாற்றம், அதே வருஷம் ரீகால் (நிபந்தனையை மீறியவரைத் திரும்ப உள்ளே அழைப்பது) விதி மாற்றம். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கிறவர்களின் தேதியைத் திரும்பப் போட வேண்டும். 2025 மார்ச்சோடு முடிந்த ஒரு வருஷத்தில் தவறுதலாக வெளியே விடப்பட்டவர்கள் 262 பேர். அதற்கு முந்தைய வருஷம் 115. 2025 அக்டோபர் 24 அன்று செல்ம்ஸ்ஃபர்ட் சிறையிலிருந்து, நாடுகடத்துவதற்காகக் குடிவரவுத் துறையிடம் ஒப்படைக்க வேண்டிய ஒருவரை வாசலைத் திறந்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் பிடிபட்டார். நாடு கொதித்தது. எண்களை முன்பே படித்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

இனி வாசல். வெளியே வருகிறவர் கையில் என்ன இருக்கும்? அவருடைய சாமான் போட்ட பிளாஸ்டிக் பை, கையெழுத்துப் போட்ட லைசென்ஸ் தாள், ஊர் போய்ச் சேரப் பயணச் சீட்டு, 100 பவுண்டுக்கும் குறைவான கைச்செலவுப் பணம். வெளியே வந்தவர்களைக் கண்காணிக்கிற ப்ரொபேஷன் அலுவலகத்தில் அன்றைக்கே ஆஜராக வேண்டும். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் முதல் பணம் வர ஐந்து வாரம். முன்பணம் கேட்கலாம், அது கடன். செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தத் திட்டத்துக்கு ஒரு பாராட்டு வைக்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் வெளியே வந்து, எல்லா அலுவலகமும் பூட்டிய பிறகு தெருவில் நிற்கிற பழைய கூத்து இதில் இல்லை. ப்ரொபேஷனுக்கு எட்டு வாரம் அவகாசம் கொடுத்ததும் நல்ல காரியம். முந்தைய அரசின் 18, 35, 70 நாள் திட்டத்தில் சில நாள் முன்னறிவிப்பில் ஆளை அனுப்பிவிடுவார்கள். அதோடு ஒப்பிட்டால் இது முறையாக நடந்த ஒன்று.

தங்குமிடம் அப்படி இல்லை. வீடற்றவர்களுக்கு 84 இரவு வரை தற்காலிக அறை கொடுக்கும் ஏற்பாடு உண்டு. ஒரே நாளில் இத்தனை பேர் வந்தால் அறைக்கு எங்கே போவது? மலிவு ஹோட்டல்களில் இடம் பிடிக்க அமைச்சகம் அனுமதி கொடுத்தது. வரிகட்டுகிறவர் காதில் "கைதிக்கு ஹோட்டல்" என்று விழுந்தால் அடுப்பில் எண்ணெய் ஊற்றியது போலத்தான். ஆனால் மாற்று என்ன? முகவரி இல்லாதவருக்கு டேக் மாட்ட முடியாது, உதவித்தொகை இழுக்கும், ப்ரொபேஷன் சந்திப்பு தவறும். சந்திப்பு தவறினால் ரீகால், திரும்ப உள்ளே. இப்படி ரீகாலில் உள்ளே இருப்பவர்களே 2025-இல் 13 ஆயிரத்துக்கும் மேல். முன்வாசலில் திறந்துவிட்டதைப் பின்வாசல் நிரப்பிக்கொண்டிருந்தது.

டேக் பற்றியும் சொல்ல வேண்டும், மக்கள் இதை ஒரு மந்திரக் கயிறு மாதிரி நினைக்கிறார்கள். ஊரடங்கு டேக் என்பது கணுக்காலில் ஒரு பட்டை, வீட்டில் மின்சாரத்தில் செருகிய ஒரு பெட்டி. இரண்டும் ஒன்றோடொன்று பேசும். இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று மட்டுமே அதற்குத் தெரியும். பகலில் எங்கே போனார் என்று கேட்டால் அதற்கு வாய் கிடையாது. இடம் காட்டுவது ஜிபிஎஸ் டேக், அது வேறு சாதனம், தினமும் சார்ஜ் போட வேண்டும். போடாமல் விட்டால் மீறல்தான், ஆனால் அது அணைந்த நேரத்தில் அவர் நின்ற இடத்தை ஒருவராலும் சொல்ல முடியாது. குறிப்பிட்ட தெருப்பக்கம் வரக்கூடாது என்ற நிபந்தனைக்கு ஊரடங்கு டேக் உதவாது, ஜிபிஎஸ் தான் வேண்டும். இந்த மாட்டும் வேலை 2024 மே மாதம் செர்கோ நிறுவனத்தின் கைக்கு வந்தது. செப்டம்பரில் கூட்டம் வெளியே வந்தபோது, டேக் மாட்டப்பட வேண்டிய பலருக்கு நாள் கணக்கில், சிலருக்கு வாரக் கணக்கில் மாட்டவில்லை. ஏற்க முடியாத தாமதம் என்று அமைச்சகமே சொன்னது. முன்விடுதலைக்கு மக்களிடம் விற்ற முதல் வாக்குறுதியே கண்காணிப்புதான் என்பதால், இதில் மதிப்பெண் கொடுக்கக் கை வரவில்லை.

சரி, வந்த வேலை நடந்ததா? விடுதலைக்கு முந்தைய வெள்ளி, செப்டம்பர் 6, சிறையில் 88,521 பேர். அதுவரை இல்லாத உச்சம். சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டதற்குப் பிந்தைய ஆகஸ்ட் கலவரத்தில் பிடிபட்டவர்களை வைக்க இடம் இல்லாமல், நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டியவர்களைப் போலீஸ் லாக்கப்பிலேயே நிறுத்திவைத்திருந்தார்கள். திட்டம் இல்லாவிட்டால் கைது செய்தவரை வைக்க இடம் இருந்திருக்காது என்பதில் அரசு சொல்வது உண்மை. திறந்த பிறகு எண்ணிக்கை 86 ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. 2025 வசந்தத்தில் மறுபடி 88 ஆயிரம். கொடுத்த காசுக்குக் கிடைத்தது ஒரு வருஷம் கூட இல்லை. முந்தைய அரசு 2020-களின் நடுவில் 20 ஆயிரம் புது இடம் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தது. 2024 செப்டம்பர் வரை கட்டி முடித்தது 6,518. தேசியத் தணிக்கை அலுவலகம் அந்த டிசம்பரில் வெளியிட்ட கணக்கு இது. மீதி முடிய 2031 ஆகும். இருக்கிற வாளியில் தண்ணீரைக் கொஞ்சம் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்தே வைத்த கதை.

2025 ஜூன் முடிய இந்தத் திட்டத்தில் வெளியே வந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் மேல். இந்த எண் செய்தித் தலைப்பில் வரும்போது ஒரு எச்சரிக்கை தேவை. 38 ஆயிரம் பேரை யாரோ கூடுதலாகத் திறந்துவிட்டார்கள் என்பதில்லை. அவர்கள் எல்லாரும் எப்படியும் சில வாரத்திலோ மாதத்திலோ வரவேண்டியவர்கள், முன்னால் வந்தார்கள். அரசியல்வாதிகள் இந்த வேறுபாட்டைத் தெரிந்தே மறப்பார்கள், எதிர்க்கட்சியில் இருக்கும்போது மட்டும். 18 நாளில் தொடங்கி 70 நாளாக்கி 10 ஆயிரம் பேருக்கு மேல் வெளியே அனுப்பியது முந்தைய கன்சர்வேடிவ் ஆட்சிதான். 2007-இலிருந்து 2010 வரை ஸ்டார்மரின் கட்சியான லேபரின் அரசு இதே 18 நாள் வித்தையைச் செய்து சுமார் 80 ஆயிரம் பேரை விட்டபோது கத்தியதும் அதே கன்சர்வேடிவ்காரர்கள்தான்.

இனி, தொடக்கத்தில் சொன்ன ஓட்டை. பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்ல ஒரு தொடர்புத் திட்டம் இருக்கிறது. வன்முறை அல்லது பாலியல் குற்றமாக இருந்து, தண்டனை 12 மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அதில் சேரும் உரிமை உண்டு. கவனியுங்கள்: உரிமைதான், தானாக நடப்பது இல்லை. தண்டனைக்குப் பிறகு போலீஸின் சாட்சிகள் பிரிவு உங்கள் விவரத்தை அனுப்ப வேண்டும். அங்கிருந்து கடிதமோ அழைப்போ வரும். நீங்கள் சரி என்று சொன்னால்தான் தொடர்பு அதிகாரி ஒருவர் ஒதுக்கப்படுவார். இதில் மூன்று இடத்தில் நூல் அறும். குற்றம் காரணமாகவே வீடு மாறியவருக்குக் கடிதம் பழைய முகவரிக்குப் போகும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பயந்து எடுக்காமல் விடுவார். தீர்ப்பு முடிந்த வாரத்தில் "இனி அந்தப் பெயரையே கேட்க வேண்டாம்" என்று மறுத்தவருக்கு, ஒரு வருஷம் கழித்து மனம் மாறினாலும் சேரலாம் என்பது தெரியாது. சேரலாம். ரிமாண்டிலேயே காலம் முடிந்தவர் வழக்கில் இன்னும் மோசம். கடிதம் தபாலில் போய்ச் சேர்வதற்குள் ஆள் வெளியே வந்திருப்பார். 12 மாதத்துக்குக் கீழே தண்டனை என்றால் திட்டமே பொருந்தாது, முன்விடுதலையில் வந்தவர்களில் குறுந்தண்டனைக்காரர்களும் ஏராளம். சிலருக்குச் சொல்லப்படவே இல்லை என்று பாதிக்கப்பட்டோர் ஆணையராக இருந்த ஹெலன் நியூலவ் வெளிப்படையாகவே சொன்னார்.

நீங்கள் அங்கே பாதிக்கப்பட்டவர் என்றால், தீர்ப்பு வந்த வாரத்திலேயே வழக்கு நடத்திய போலீஸ் அதிகாரியிடம் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: என் விவரம் தொடர்புத் திட்டத்துக்குப் போனதா, ரிமாண்ட் நாள் எத்தனை கழியும், என் இப்போதைய முகவரியும் எண்ணும் யாரிடம் பதிவாகியிருக்கிறது. ஆங்கிலம் சரளமாக வராதவர் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். புரிந்துகொள்ளும் உரிமை அங்கே பாதிக்கப்பட்டோர் சாசனத்தின் முதல் உரிமை, தமிழுக்கும் அது பொருந்தும். வீட்டுக்குள் இருக்கிற உறவுக்காரர் மொழிபெயர்க்க வேண்டாம், எந்தப் பக்கத்து உறவு என்பது முக்கியம்.

திட்டத்தில் சேர்ந்த பிறகு, லைசென்ஸில் இரண்டு நிபந்தனை கேட்கலாம். எந்த வழியிலும் தொடர்பு கொள்ளக்கூடாது என்பது ஒன்று. இன்ன பகுதிக்குள் வரக்கூடாது என்பது மற்றது. இரண்டாவதைக் கேட்கும்போது முழு ஊரையும் கேட்டால் தள்ளுபடியாகும். அவசியமும் அளவும் பார்ப்பார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடம், வேலை செய்யும் கடை, தினமும் ஏறும் பேருந்து நிறுத்தம், வாரம் போகிற கோயில் என்று இடம் இடமாகக் காரணத்தோடு எழுதிக் கொடுத்தால் எல்லைக்கோடு அதையொட்டி வரையப்படும். ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. அந்த வரைபடம் அவர் கைக்கும் போகும், எங்கே போகக்கூடாது என்று தெரிந்தால்தானே போகாமல் இருப்பார். நீங்கள் புதிதாகக் குடிபோன இடம் அவருக்குத் தெரியாது என்றால், அந்த வீட்டைச் சுற்றிக் கோடு போடச் சொல்வது நீங்களே முகவரி எழுதிக் கொடுப்பது போல. பழைய இடங்களைச் சொல்லுங்கள், புது வீட்டைத் தொடர்பு அதிகாரியிடம் தனியாகப் பேசுங்கள். வெளியே வந்தவர் எங்கே தங்குகிறார் என்று அவர்கள் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அதைக் கேட்டு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தண்டனை முறையை ஆராய அமைத்த டேவிட் காக் குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதன் வழியில் செப்டம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா, சாதாரணத் தண்டனைக்கு உள்ளே இருக்க வேண்டிய அளவை மூன்றில் ஒன்றாக வைத்தது. சேட்டை செய்தால் நாள் கூடும். அந்தக் கணக்குப்படி நம்முடைய 1,095-க்கு 438 இல்லை, 365. முன்விடுதலையின் தேதி எதுவானாலும், லைசென்ஸ் நிபந்தனைகள் தண்டனைக் காலம் முடிகிற நாளோடு காலாவதி. நீதிமன்றத்தின் தடையுத்தரவு அப்படியல்ல, அதற்கு அதன் தாளிலேயே தனித் தேதி உண்டு. சிறைக்குப் போனதாலோ வந்ததாலோ அது அணையாது. அந்தத் தாளின் நகலை எடுத்துப் பைக்குள் வையுங்கள், போனிலும் படம் வையுங்கள், கடைசித் தேதி நெருங்குகிறதா என்று பாருங்கள். நெருங்கினால் முடிவதற்குள் நீட்டிக்கக் கேட்க வேண்டும்.